செமஸ்டர் தேர்வுக்கு ஸ்கிரைப் தேவை: மதுரை நண்பர்கள் கவனிக்கவும்

வணக்கம். நாகமலை புதுக்கோட்டை பக்கம் படிக்கும் பார்வையற்ற இளங்கலை மாணவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஸ்கிரைப் தேடுகிறோம். கூடுதல் நேரமும் ஸ்கிரைப்பும் சலுகை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பதால் 3 மணி நேரத் தாள் 4 மணி நேரம் ஓடும். முழுதாக உட்கார முடிந்தவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். கடைசி நேரத்தில் "வர முடியலை" என்றால் மாற்று ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பிளஸ் டூ முடித்து, வேறு பாடம் படிப்பவராக இருந்தால் நல்லது. அதே பாடம் என்றால் சந்தேகம் கிளம்பும். விடைத்தாளை நிறுத்திவைக்கவும் கூடும். கையெழுத்து தெளிவாக இருக்கணும். கேள்வியை இரண்டு முறை வாசித்துக்காட்டி, சொன்னதை அப்படியே எழுதணும். வாக்கியத்தை 'அழகாக்க' வேண்டாம். தேர்வுக்கு 2 நாள் முன்பே மாணவரைச் சந்தித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், சொல்லும் வேகம் பிடிபடும்.

இன்னொரு உதவி: பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் உள்ள பாடக்குறிப்புகளைத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) உளறலாகத்தான் படிக்கிறது. யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துத் தரக்கூடியவர்களும் கமெண்டில் சொல்லுங்கள்.