கோடை பண்பலை 100.5: எங்கள் பக்கத்து அனுபவம்

அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையமான கோடை பண்பலை (எஃப்.எம்.) வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் மதுரை 1269, திருச்சி 936 என்று மத்திய அலையில்தான் (மீடியம் வேவ்) வானொலி கேட்போம். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் போதும், பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைச்சல் வந்துவிடும். இருட்டினால் எங்கிருந்தோ வேற்று மொழி நிலையங்கள் மேலேறி வந்து கலக்கும். அதனால் 1990களின் இறுதியில் கொடைக்கானலிலிருந்து 100.5 கேட்கத் தொடங்கியபோது, அந்தத் தெளிவை எங்களால் நம்பவே முடியவில்லை.

பண்பலை அலை நேர்கோட்டில்தான் போகும், பூமியின் வளைவைத் தாண்டி ரொம்ப தூரம் போகாது. 1977 ஜூலை 23 அன்று இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் பண்பலை வந்தும், அது சென்னைக்காரர்களோடு நின்றதற்குக் காரணம் அதுதான். கொடைக்கானலிலோ கோபுரம் நிற்பதே ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில். அதனால் திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் என்று சமவெளி முழுக்க ஒரே நிலையம் கேட்டது. இதில் ஒரு விசேஷம்: கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், பாறை மறைக்கும் வளைவுகளில் மட்டும் சத்தம் கம்மிப்போகும். வளைவு திரும்பினால் பழையபடி கணீரென்று வரும்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைப்பூ விவசாயம். விடிகாலையில் பூ எடுக்கும்போது வேப்பமரக் கிளையில் ரேடியோ தொங்கும். என் அத்தை பாட்டு கேட்டு அஞ்சலட்டை போட்டிருந்தார். ஒருநாள் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் வாசித்தார்கள். பூ எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் "ஏய், நம்ம ஊருடி!" என்று கத்தினார்கள். அத்தைக்குப் பேச்சே வரவில்லை. மறுநாள் பூ மார்க்கெட் கமிஷன் கடையில், வத்தலக்குண்டிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் "நேத்து ரேடியோவுல உங்க ஊரச் சொன்னாங்களே, யாரு அது?" என்று விசாரித்தார். சின்ன ஊர்ப் பெயர் அத்தனை பேர் காதில் விழுந்தது எங்களுக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அப்புறம் 2005க்குப் பிறகான பண்பலை உரிம ஏலத்தில் மதுரைக்குத் தனியார் பண்பலைகள் வந்தன. வேகமான பேச்சு, புதுப் பாட்டு. இளவட்டம் அந்தப் பக்கம் போனது உண்மைதான். ஆனால் தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதியில்லை. மாநிலச் செய்திக்கும் வயல் சேதிக்கும் பெரியவர்கள் அகில இந்திய வானொலியைத்தான் திருப்பினார்கள்.

இப்போது வெளியூரில் இருக்கும் என் தம்பி அகில இந்திய வானொலி நிலையங்களைக் கேட்க உதவும் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கோடையைக் கேட்கிறான். செயலி வந்தது நல்லதுதான். அதற்காக உள்ளூர் நிகழ்ச்சி நேரத்தைக் குறைத்து, வேறு ஊர் ஒலிபரப்பை அப்படியே அஞ்சல் செய்துவிடக் கூடாது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்றைக்கும் டேட்டா செலவில்லாமல் கேட்பது அந்த 100.5 தான்.