எதைக் காட்டினாலும் "அருமை" என்று சொல்வது தப்பா?

பனித்துளி:
என் மகளுக்கு 12 வயது. பேச்சு திருந்துவதற்கு முன்னாலேயே பென்சில் பிடித்தவள். எதை வரைந்தாலும் முதலில் ஓடி வந்து என்னிடம்தான் காட்டுவாள், நானும் "அருமைடா கண்ணு, உனக்கு இது பிறவியிலேயே வந்த கை" என்பேன். ஒருநாளும் பொய்யாகச் சொன்னதில்லை, எனக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரியும். போன வாரம் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மரத்தில் சாய்ந்து நிற்கிற ஒரு பெண். அருமை என்றேன். அவள் தாளை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீ எதைக் காட்டினாலும் இதைத்தானேம்மா சொல்லுவே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு படமும் என்னிடம் வரவில்லை. வளர்கிற பெண்ணுக்கு அம்மாதான் முதல் தைரியம் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் பேசினேன். எங்கே தவறினேன் என்று யாராவது சொல்லுங்கள்.

நேர்கோடு:
கேட்டதால் நேராகவே சொல்கிறேன். உங்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. "பிறவியிலேயே வந்த கை" என்ற அந்த வார்த்தையில்தான் சிக்கல். நான் இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர். வீட்டில் "நீ ஜீனியஸ்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்கள், கஷ்டமான கணக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். போட்டுப் பார்த்துத் தப்பானால் ஜீனியஸ் இல்லை என்று ஆகிவிடுமே, அந்தப் பயம்.

1998-ல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் எல்லாருக்கும் செய்யக்கூடிய புதிர்கள். முடித்ததும் ஒரு குழுவிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு குழுவிடம் "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரே வாக்கியம்தான். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லாருமே திணறினார்கள். அப்புறம் மறுபடி முதலில் கொடுத்த அளவுக்குச் சுலபமானவை. புத்திசாலி என்று கேட்டவர்கள் முதல் தடவை செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள், முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னேறியிருந்தார்கள்.

ஒன்று செய்யுங்கள். மகளின் நோட்டை எடுத்து நிதானமாகப் புரட்டுங்கள். என்னென்ன வரைந்திருக்கிறாள் என்பது உங்களுக்கே தெரியும், எதை வரையாமல் தப்பிக்கிறாள் என்று தேடிப் பாருங்கள்.

அல்லி:
டீச்சர், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. யாரோ ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு தடவை சொன்ன வாக்கியமும், பெற்றவள் பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன வாக்கியமும் எப்படி ஒன்றாகும்?

என் அம்மா வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தை மெச்சியதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று பயம். பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கி வந்து நின்றபோதுகூட, "ரெண்டாவது வரியில சுதி விலகிச்சே" என்றார். அது உண்மை, விலகித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுதியா முக்கியம்? அம்மா போன பிறகு, எனக்கு 38 வயது இருக்கும்போது, சித்தி சொன்னார்: "உன்னைப் பத்தி எங்கிட்ட பெருமையாப் பேசாம உங்கம்மா ஒரு நாளும் போனை வெச்சதில்லை." சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சேரவேண்டியது மொத்தமும் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறது. பனித்துளி, நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள். பெண்ணை அளந்து பார்க்க வெளியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயும் ஒரு தராசு எதற்கு?

கூடுதேடி:
எனக்கு 20 வயது, கல்லூரியில் படிக்கிறேன். இங்கே எல்லாரும் அம்மா பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் மகள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? என் அம்மா பனித்துளி அம்மா மாதிரிதான். "எம்பொண்ணு எதையும் சாதிப்பா." கேட்கும்போது நெஞ்சு நிறையும். போன வருஷம் இரண்டு பேப்பரில் ஃபெயில் ஆனேன். நாலு மாசம் அம்மாவிடம் சொல்லவில்லை. அடிப்பார், திட்டுவார் என்ற பயம் துளியும் கிடையாது, அம்மா குரல் என்றுமே உயர்ந்ததில்லை. அந்த முகத்தில் இருக்கிற பெருமை இறங்குவதைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். தினமும் போனில் "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்பேன், வைத்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கடைசியில் ஒருநாள் முடியாமல் உடைந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நாலு மாசமாத் தனியாவா அழுதே?" மார்க்கைப் பற்றி மறுநாள்தான் பேசினோம். அந்தக் கேள்வி முன்னாடியே, சும்மா இருந்த ஒரு நாளில், எப்படியாவது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தோற்றாலும் அம்மா இப்படித்தான் இருப்பார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

நேர்கோடு:
கூடுதேடி, உன்னைப் பொய் சொன்னவள் என்று நீயே நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு கண்ணு. நான் சொன்ன அதே ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தங்கள் மார்க்கை எழுதச் சொன்னார்கள், பெயர் போட வேண்டாம், யார் எழுதியது என்று தெரியாது. புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் மார்க்கை மாற்றி எழுதினார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களில் 13 சதவீதம். அவர்களும் சாதாரண நல்ல பிள்ளைகள்தான். அந்தப் பட்டத்தை இழக்க மனசு வரவில்லை.

அல்லி:
சரி, அது இருக்கட்டும். ஆனால் இந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தியது எது? அம்மாவின் பாசம்தானே. முயற்சியைப் பார்த்து மெச்சு, பலனைப் பார்த்து மெச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி வாயிலிருந்து வருமா?

நேர்கோடு:
வரும். ஏன் வராது? பாசத்தைக் குறைக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. அன்பு வேறு, மதிப்பீடு வேறு. அன்பு எதுவும் செய்யாமலே கிடைக்க வேண்டியது, அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் படத்தைக் காட்டி "எப்படி இருக்கு" என்று ஒரு பெண் கேட்டால், அவள் கேட்பது படத்தைப் பற்றி. அதற்குப் பதிலாக அன்பைக் கொடுத்தால் அவள் கேள்வி அப்படியே நிற்கிறது. பனித்துளியின் மகள் சொன்னதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பனித்துளி:
டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி அவள் பள்ளிக்குப் போனபிறகு நோட்டை எடுத்துப் புரட்டினேன். கேட்காமல் எடுத்தது உறுத்தலாகத்தான் இருந்தது. நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும், எல்லாமே ஆட்கள். முகம், முடி, கண்ணிமை, எல்லாம் அவ்வளவு நுணுக்கம். பத்துப் பன்னிரண்டு பக்கம் தாண்டியபிறகுதான் உறைத்தது. ஒருத்திக்கும் கை இல்லை. ஒருத்தி கையைப் பாக்கெட்டில் விட்டிருக்கிறாள், ஒருத்தி முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறாள், இன்னொருத்திக்குச் சட்டைக் கை விரல்நுனி தாண்டித் தொங்குகிறது, ஒருத்தி முன்னால் பெரிய பூங்கொத்து. மரத்தில் சாய்ந்தவளுக்கு இரண்டு கையும் மரத்துக்குப் பின்னால். கடைசிப் பக்கத்தின் மூலையில் மட்டும் ஒரு கை, அழித்து அழித்துத் தாளே மெலிந்து போயிருந்தது. இத்தனையும் என்னிடம் காட்டிய படங்கள். ஒவ்வொன்றுக்கும் அருமை என்றிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. இரண்டு நாளாக மனசே சரியில்லை.

கரையோரம்:
பனித்துளி, மனசை விட்டுவிடாதீர்கள். நாங்களும் இப்படித்தான் தாமதமாகப் பார்க்கிறோம். என் மகளுக்கு 13. போன வருஷத்தில் திடுதிப்பென்று உயரமாகிவிட்டாள், வகுப்பில் பையன்கள் எல்லாம் இவள் தோளுக்கு இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி பையன்களைவிடச் சுமார் இரண்டு வருஷம் முன்னாலேயே வருகிறது, ஆனால் அவளுக்கு என்னவோ தன்னிடம்தான் கோளாறு என்று நினைப்பு. போட்டோ எடுத்தால் விலகி நிற்பாள். நானும் "நீ அழகுடி, நீ அழகுடி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய ஆல்பத்தைப் பார்த்தபோது தெரிந்தது, எட்டு வருஷமாக ஒரு போட்டோவிலும் நான் இல்லை. "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று சொல்லியே ஒதுங்கியிருக்கிறேன், குண்டாகத் தெரிவேன் என்று. தாயைப் போல பிள்ளை என்பார்களே, அவள் என் வாயைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது நானும் போய் நிற்கிறேன். அவளும் பக்கத்தில் வருகிறாள், சில சமயம்.

அல்லி:
பனித்துளி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடைசிப் பக்கத்துக் கையை நினைத்தால் எனக்கே என்னவோ செய்கிறது. ஆனாலும் டீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும். 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் மூவரும் செய்தது. ஐந்து வயதில் ஆண், பெண் இரண்டு பிள்ளைகளுமே "ரொம்ப ரொம்ப புத்திசாலி" என்றால் தங்கள் பாலினத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் பெண்பிள்ளைகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிடுகிறது. ஒரே வருஷத்தில். எங்கிருந்தோ வந்து காதில் விழுகிறது, "நீ கெட்டிக்காரி இல்லை" என்று. அப்படியிருக்க அம்மாவும் "புத்திசாலி" என்ற வார்த்தையை விழுங்கிவிட்டால், அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? உழைப்பாளி என்ற பெயர் எப்போதும் பெண்ணுக்குத் தாராளமாகக் கிடைக்கும். மூளை இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது.

நேர்கோடு:
இது நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். பெண்ணின் காதில் அது எப்படியோ விழுகிறது என்பதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதே ஆய்வில் பிள்ளைகளுக்கு இரண்டு விளையாட்டைக் காட்டினார்கள். ஒன்று ரொம்ப புத்திசாலிகளுக்கு, இன்னொன்று ரொம்ப முயற்சி செய்கிறவர்களுக்கு. முதலாவதில்தான் பெண்பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்தது, இரண்டாவதில் ஆண், பெண் வித்தியாசமே இல்லை. முயற்சி என்ற கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், இது வீடுகளுக்கே போய் எடுத்தது. எலிசபெத் கண்டர்சனும் கூட இருந்தவர்களும் 2013-ல் வெளியிட்டார்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பெற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்து, ஐந்து வருஷம் கழித்து அதே பிள்ளைகளிடம் போய்க் கேட்டார்கள். செய்கிற விதத்தைப் பாராட்டிக் கேட்டவர்கள், திறமை வளரக்கூடியது என்று அதிகம் நம்பினார்கள். மொத்தப் பாராட்டு ஆண், பெண் இருவருக்கும் சமமாகத்தான் கிடைத்தது. செய்த விதத்துக்கான பாராட்டு மட்டும் ஆண்பிள்ளைகளுக்கே அதிகம். நம் பெண்களிடம் "அருமை" என்கிறோம், எது அருமை என்று சொல்வதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் அல்லி. என் மகளிடம் நான் குறை சொல்லித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். ரெண்டாவது வரியில் சுதி விலகியதைச் சொன்ன உங்கள் அம்மாவைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நேற்று அவளைக் கூப்பிட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

மணல்வீடு:
ஒரு அப்பாவாக எனக்கு ஒன்று கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். என் மகள் ஓட்டப் பந்தயம் ஓடுகிறாள். "வளைவுல தோளைத் தூக்கிட்டே" என்று நான் சொன்னால் முகம் சுண்டிப்போகும், அதையே அவள் அம்மா சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பாள். அவள் அம்மா தினமும் விடிகாலையில் மைதானத்தில் கடிகாரத்தோடு நிற்கிறாள், நான் பரிசளிப்பு அன்றைக்கு மட்டும் போகிறேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அல்லி:
டீச்சர், மகளைக் கூப்பிட்டதாக எழுதியதைப் படித்ததும் சண்டை போடுகிற மனசே போய்விட்டது. இருந்தாலும் என் கட்சியை விடமாட்டேன். படத்தில் குறை சொல்வதென்றால் சொல்லுங்கள், ஆனால் அந்தப் பெண் தூங்கப் போகிற நேரத்தில் படமும் வேண்டாம், விரலும் வேண்டாம், வெறுமனே "என் தங்கமே" என்று ஒரு வார்த்தை காதில் விழட்டும்.

பனித்துளி:
நேற்று சாயங்காலம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். கோபித்தாள், மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் "கை வரைய ரொம்பக் கஷ்டமாடா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நீ எனக்குப் பிறவியிலேயே வருதுன்னு சொல்லுவேல்ல, இது வரலையேம்மா, எப்படிக் காட்டுறது?" என்றாள்.

பேச ஒன்றும் தோன்றவில்லை. இடது கையை மேசைமேல் வைத்து, "இதை வரை, நான் அசையாம இருக்கேன்" என்றேன். முதலில் வந்தது கையுறை மாதிரி இருந்தது. இரண்டாவதை அவளே கசக்கிப் போட்டாள். மூன்றாவதை வரைவதற்கு முன்னால் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மணிக்கட்டில் இருக்கிற பழைய சூட்டுத் தழும்பைத் தடவி எப்போது பட்டது என்று கேட்டாள். ஐந்தாவது வந்தபோது, "கட்டைவிரல் மணிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புதே, முன்னாடி போட்டதில எல்லாம் ஓரத்தில ஒட்டவெச்ச மாதிரி இருந்தது" என்றேன். சடாரென்று நிமிர்ந்து, "கவனிச்சியாம்மா?" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அல்லி, விளக்கை அணைக்கும்போது தலையைத் தடவி "என் தங்கமே" என்றும் சொன்னேன், அதை விடுவதாக இல்லை. மோதிர விரல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் மறுபடி உட்காரச் சொல்லியிருக்கிறாள்.