இட்லி மாவு வியாபாரம்: 25 கிலோவிலிருந்து 60 கிலோவுக்குப் போகக் கடன் வாங்கலாமா?

வைகைக்கரை கேட்டது:

எங்கள் மகளிர் குழுவில் உள்ள ஒரு அக்காவுக்காகக் கேட்கிறேன். மதுரை மாநகராட்சி எல்லைக்குள் வாடகை வீடு. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரில் தினமும் 25 கிலோ இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாக ஐந்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறார். கடைக்கு 38 ரூபாய், பாக்கெட்டில் 45. அளவு 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ முழு உளுந்து, 40 கிராம் வெந்தயம். இதில் 11 கிலோ மாவு காண்கிறது.

10 லிட்டர் டில்டிங் (சாய்த்து மாவை ஊற்றும்) கிரைண்டரும் ஒரு ஃப்ரீசரும் வாங்கி 60 கிலோவுக்குப் போக நினைக்கிறார். வங்கியில் "உங்கள் கணக்கில் வரவு செலவே இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர்கள் பணம் அனுப்பும் க்யூ.ஆர். அட்டை அக்காவின் கணவர் கணக்கில் இருக்கிறது. வாரக் குழு நடத்தும் ஒரு நிறுவனம் 50,000 தரத் தயார்: 12 சதவீதம் ஃபிளாட் வட்டி, 24 மாதம், மாதம் 2,583.

இன்னொரு தொல்லை, இரண்டாம் நாளே பாக்கெட் ஊதி வெடிக்கிறது. தினமும் மூன்று நான்கு திரும்பி வருகிறது. கடன் வாங்கலாமா? லைசென்ஸ், கரண்ட் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

---

கணக்கு நோட்டு பதில்:

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே பாக்கெட் வெடிப்பது, கடன் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

அரிசி கிலோ 45, உளுந்து 130 என்று வைத்தால் ஒரு ஈட்டுக்கு, அதாவது நீங்கள் சொன்ன 4 கிலோ அரிசி, 1 கிலோ உளுந்துக்கு 310, வெந்தயம் உப்புச் சேர்த்து 316. 11 கிலோவுக்கு வகுத்தால் கிலோ 29 ரூபாய் சுமார். கவர் 2.50, கரண்டும் ஐஸும் 1, வண்டி பெட்ரோல் 1. மொத்தம் 33.50. கடைக்கு 38. நிற்பது 4.50. விலையை உங்கள் ஊர்ப்படி மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

இப்போது ரிட்டர்னைப் பாருங்கள். திரும்பி வரும் ஒரு பாக்கெட்டில் போவது லாபமான 4.50 இல்லை, அடக்க விலை 33.50 முழுதும். 25-இல் 3 திரும்பினால் விற்ற 22-க்கு லாபம் 99, நஷ்டம் 100.50. நாள் முழுக்க நின்றதற்கு ஒன்றரை ரூபாய் நஷ்டம். 4 திரும்பினால் 40 ரூபாய் நஷ்டம். அந்த அக்காவின் கூலியை இதில் நான் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இதே விகிதத்தில் 60 பாக்கெட் போட்டால் 8 திரும்பும். 52 × 4.50 = 234. 8 × 33.50 = 268. தினமும் 34 ரூபாய் குறையும், அதற்கு மேல் மாதம் 2,583 தவணை. பெரிய கிரைண்டர் நஷ்டத்தை வேகமாக அரைத்துத் தரும், அவ்வளவுதான்.

அதே மாவைப் பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு வீட்டு வாசலில் கிலோ 43-க்கு கொடுத்துப் பாருங்கள். கவர் இல்லை, பெட்ரோல் இல்லை. அடக்கம் 30, நிற்பது 13. 18 கிலோ நேரடியாக விற்றால் 234. கடை வழியாக 52 கிலோ போட்டு எடுப்பதும் அதே 234. தெருவில் ஒரு கரும்பலகை, மாலை 5 முதல் 8 மணி, வாட்ஸாப்பில் முந்தின நாளே சொல்லிவைப்பது. 60 கிலோ எல்லாம் பிறகு யோசிக்கலாம், முதலில் இந்த 18-ஐப் பிடியுங்கள்.

கடைக்காரரிடம் முறையை மாற்றுங்கள். "வித்தா காசு, இல்லேன்னா ரிட்டர்ன்" என்பதை நிறுத்தி, நேற்றைய சரக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு இன்றைய சரக்கை இறக்குவது. ரிட்டர்ன் 20-க்கு 1 மட்டும், மீதி அவர் பொறுப்பு என்று பேசுங்கள். ஐந்தில் இரண்டு கடை ஒத்துக்கொள்ளாது. அந்த இரண்டை விட்டுவிடலாம், பெரும்பாலும் அதிகமாகத் திருப்புவதும் அவர்களாகத்தான் இருக்கும். ஒரு நோட்டில் கடைவாரியாகப் போட்டது, திரும்பியது, பாக்கி என்று மூன்று கட்டம் போட்டு 15 நாள் எழுதினாலே தெரிந்துவிடும்.

வட்டி: 12 சதவீதம் ஃபிளாட் என்றால் 12 இல்லை. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம்வரை முழு 50,000-க்கும் வட்டி கட்டுகிறார். குறையும் அசலுக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 21.5 சதவீதம் சுமார். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடன் கொடுப்பவர் இந்த உண்மையான ஆண்டு வட்டியை எழுதிய தாளைக் கொடுத்தாக வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

தண்டலை ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை என்பதும் உண்மை. 10,000 எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது மாதத்துக்கு ஆறு வட்டிக்கும் மேல்.

---

கல்லுக்குழவி, கோவை பதில்:

பாக்கெட் ஊதறதுக்குக் காரணம் சூடுதானுங்க. அரைச்சு முடிச்ச மாவுல ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்க. வெயில் காலத்துல 34, 35 காட்டும். அந்தச் சூட்டோட கட்டி கடையில வெச்சா, மாவுல இருக்கிற நுண்ணுயிர் ராத்திரி முழுக்க வாயுவை விட்டுட்டே இருக்கும், கவர் என்ன பண்ணும்?

வீட்டு ஃபிரிட்ஜுல வெச்சா சரியாயிடும்னு நெனைக்காதீங்க. 40 கிலோ மாவை 32 டிகிரியில இருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர 3,500 கிலோ ஜூலுக்கு மேல வெப்பத்தை எடுக்கணும். சாதாரண ஃபிரிட்ஜு கம்ப்ரஸர் 100 வாட் அளவுல இழுத்தா, கதவே திறக்காம பத்து மணி நேரம். அதுக்குள்ள மாவு பாதி புளிச்சிருக்கும். அடுக்கி வெச்ச பாக்கெட்டுல நடுவுல இருக்கிறது கடைசியாத்தான் குளிரும், வெடிக்கிறதும் அதுதான்.

அதனால அரைக்கும்போதே குளிர வெக்கணும். 11 கிலோ ஈட்டுக்கு ஊத்தற தண்ணியில ஒன்றரை கிலோவை ஐஸா மாத்திப் போடுங்க. உருகறப்பவே மாவுச் சூட்டுல 14 டிகிரி அளவுக்குக் கொறைச்சிடும். உளுந்தும் சூடேறாம நல்லாப் பொங்கும். ஐஸை ஒரேயடியாக் கொட்டாம, நொறுக்கி நாலஞ்சு தவணையாப் போடணும், கட்டியாப் போட்டா கல்லு எகிறும். குடிக்கிற தண்ணியில வீட்டுலயே உறைய வெச்ச ஐஸா இருக்கணுமுங்க. மீன் மார்க்கெட் ஐஸ் கட்டி மலிவுன்னு வாங்கிடாதீங்க.

உளுந்து ஒன்றரை மணி நேரம் ஊறினாப் போதும், அரிசி நாலஞ்சு மணி நேரம். உளுந்து பதம் பாக்கிறதுக்கு ஒரு சொட்டை தண்ணியில விட்டா மிதக்கணும். மூழ்கினா இன்னும் பத்து நிமிஷம்.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம். திரும்பி வந்த மாவைப் புது மாவுல கலக்கறாங்களான்னு கேட்டுப் பாருங்க. நஷ்டத்துக்குப் பயந்து நெறையப் பேர் பண்றதுதான். அது தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. கால் கிலோ பழசு கலந்தாலும் மொத்த ஈடும் மறுநாள் ஊதிடும். கிரைண்டர் கழுவாம விட்டாலும் அதே கதிதான். குழவிக் கல்லுக்குப் பின்னாடி, நடு அச்சுக்கு அடியில, மாவு வழிக்கிற பிளேடு இடுக்குல பழைய மாவு காஞ்சு ஒட்டியிருக்கும். தினமும் குழவியைக் கழட்டி பிரஷ் போட்டு, கொதிக்கிற தண்ணி ஊத்தணும். கையால கலக்காம கரண்டியால கலக்கச் சொல்லுங்க.

கவர்ல மூணுல ஒரு பங்கு காலியா விட்டு, காத்தை அழுத்தி வெளிய விட்டு ஒட்டணும். மத்தியானம் அரைச்சு சாயங்காலம் கடைக்குப் போயிடுச்சுன்னா, வாங்கறவங்க வீட்டுலதான் ராத்திரி பொங்கும். விடிகாலை அரைச்சு நாள் முழுக்க வெயில்ல கடையில கெடந்தா நிக்காது. ஃபிரிட்ஜு இல்லாத கடைக்குப் போடவே போடாதீங்க.

கிரைண்டர் பத்தி: 60 கிலோ மாவுன்னா 22 கிலோ அரிசி, அஞ்சரைக் கிலோ உளுந்து. 10 லிட்டர் டில்டிங்குல அரிசி அஞ்சு ஈடு, உளுந்து ரெண்டு மூணு ஈடு. ஈட்டுக்கு 25, 30 நிமிஷம் வெச்சா கழுவறதோட நாலு மணி நேரம். சாயங்காலம் வோல்டேஜ் எறங்கற ஏரியான்னா மோட்டார் உறுமிட்டு நிக்கும், சுத்தாது. உடனே ஆஃப் பண்ணணும், விட்டா கெபாசிட்டர் போகும், அப்புறம் காயில். மாவு நறநறன்னு வந்தா மொதல்ல பெல்ட் தளர்வு பாருங்க, பிறகுதான் கல்லுக் கொத்தறது. அடியில கனமான ரப்பர் பேடு போட்டா கீழ் வீட்டுச் சண்டை பாதி கொறையும். ஈரத் தரையில நின்னு ஓட்டறதுனால கரண்ட் கசிஞ்சா தானே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் கண்டிப்பா போடணும். எர்த் இல்லாத வாடகை வீட்டுல இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க.

---

முத்திரைத்தாள் பதில்:

காகித வேலையைச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில் கணக்கு. அக்கா பெயரில் தனி வங்கிக் கணக்கு, அவர் கையில் இருக்கும் செல்போன் எண், அந்த எண்ணில் க்யூ.ஆர்., ஐந்து கடையிலும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவது. கூட்டுக் கணக்கு வேண்டாம். இப்போது வியாபாரம் அவருடையது, வருமானச் சான்று கணவருடையது. வங்கி பார்ப்பது சான்றைத்தான். ரொக்கமாக வருவதையும் வாரம் ஒருமுறை அந்தக் கணக்கில் கட்டி, அரிசி மண்டிக்கு அதிலிருந்தே பணம் போகட்டும். ஆறு மாதம் ஓடினால் ஸ்டேட்மென்ட் தானே பேசும்.

கூடவே கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். குழுக் கடனில் வேறொருவர் கட்டாமல் விட்ட பாக்கி இவர் பெயரில் நிற்பது உண்டு. வங்கிக்குப் போன பிறகு தெரிவதைவிட முன்னாடி தெரிவது நல்லது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்): இந்த அளவுக்குப் பதிவு போதும், உரிமம் தேவையில்லை. அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நேரடியாகச் செய்யலாம். ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர் தேவையில்லை. 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். அதனுடன் பெயர், முகவரி, சேர்ந்துள்ள பொருட்கள், நிகர எடை, அரைத்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், விலை, பச்சைப் புள்ளி, புகார் எண். எடை அளவுச் சட்டப்படி பாக்கெட் போடுபவராகத் தனியே பதிவு உண்டு, தொடங்கி 90 நாளுக்குள். தராசுக்கு ஆண்டு முத்திரையும் வேண்டும். முத்திரை இல்லாத தராசுக்கு அபராதம் போட்டால் ஒரு மாத லாபம் போய்விடும். கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்பட வேண்டாம். மாவுக்கு 5 சதவீதம் உண்டு, ஆனால் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே வேண்டாம். நாளுக்கு 60 கிலோ போட்டாலும் பத்து லட்சத்தைத் தாண்டாது.

கரண்ட்: வீட்டு இணைப்பில் வியாபாரம் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 126வது பிரிவில் இரு மடங்குக் கட்டணம் போடலாம், ஓராண்டு பின்னோக்கியும். 12 கிலோவாட்டுக்குள் உள்ள குறுந்தொழிலுக்கான III-ஏ(1) கட்டணத்தில் தனி மீட்டர் கேளுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்று உதவும். அது முற்றிலும் இலவசம். சிக்கல், வீட்டு உரிமையாளர் கையெழுத்து.

கடன்: 50,000 வரை முத்ரா சிசு, சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன். அடமானம் கிடையாது. டீலரிடம் கிரைண்டர், ஃப்ரீசர் கொட்டேஷன் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள், பெரும்பாலும் பணம் டீலருக்கே நேராகப் போகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தில் நகரத்துப் பெண்களுக்கு 25 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடுவதாகக் காகிதத்தில் இருந்தால் தள்ளிவிடுவார்கள், முன்னாடியே வாங்கிய இயந்திரத்தின் பில்லும் செல்லாது. மானியம் கையில் வராது, மூன்று ஆண்டு வைப்புத்தொகையாக வங்கியிலேயே இருந்து பிறகு கடனில் கழியும். ஒரு கிரைண்டருக்காக இந்த நடை நடக்க வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம்.

---

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. பழைய மாவைக் கலப்பது பற்றி அக்காவிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நேற்று முதல் நிறுத்தியாயிற்று. இரண்டு சந்தேகம். ஒன்று, வீட்டு உரிமையாளர் மீட்டருக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறார், வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். இரண்டு, முதலில் ஃப்ரீசரா, கிரைண்டரா?

---

முத்திரைத்தாள்:

11 மாத வாடகை ஒப்பந்தம் எழுதி, "மின் இணைப்பால் குடியிருப்போருக்கு எந்த உரிமையும் வராது, காலி செய்யும்போது இணைப்பு உரிமையாளர் பெயருக்கு மாறும் அல்லது துண்டிக்கப்படும்" என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் இணைப்பை உரிமையாளர் பெயரிலேயே வாங்கி, வைப்புத்தொகையை அக்கா கட்டட்டும். ஒப்பந்தம் அக்கா பெயரில் இருக்கட்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முகவரிச் சான்றுக்கும் அதுவே ஆகும்.

கல்லுக்குழவி, கோவை:

ஃப்ரீசர்தானுங்க முதல்ல. கூலராவும் மாத்திக்கிற கன்வெர்டிபிள் மாடலா, 200 லிட்டர் போதும். 2, 3 டிகிரியில வையுங்க, மாவு உறையக் கூடாது. பாக்கெட்டைப் படுக்க வெச்சு, வரிசைக்கு நடுவுல கம்பித் தட்டு போட்டு குளிர் காத்துப் போக வழி விடுங்க. ஐஸுக்கு இப்போதைக்கு வீட்டு ஃபிரிட்ஜு ஃப்ரீசரே போதும், ராத்திரியே ரெண்டு எவர்சில்வர் டப்பாவுல தண்ணி ஊத்தி வெச்சிரட்டும். மாநகராட்சித் தண்ணின்னா குளோரின் வாடை போறதுக்கு மொத நாளே பிடிச்சுத் திறந்து வைக்கணும்.