அணுகுண்டு விழுந்த பிறகும் ஜப்பான் சரணடைய ஒன்பது நாள் ஏன்?

குரூப்1 கனவு:
மாதிரித் தேர்வு ஒன்றில் ஜப்பான் சரணடைந்ததற்குக் காரணம் கேட்டு, விடையாக 'அணுகுண்டு' என்று போட்டிருந்தார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6. பேரரசர் ஹிரோஹிட்டோவின் குரல் வானொலியில் வந்தது 15-ஆம் தேதி. ஒரு நகரமே சாம்பலான பிறகு இத்தனை நாள் என்னதான் யோசித்தார்கள்? தோற்றது தெரியாதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நன்றாகவே தெரியும் தம்பி. மார்ச்சில் டோக்கியோவின் ஒரு பெரிய பகுதி ஒரே இரவில் எரிந்தது, ஜூனில் ஓகினாவா தீவு போனது. தோற்றுவிட்டோம் என்று யார் சொல்வது, சொன்னால் ராணுவம் கேட்குமா என்பதுதான் சிக்கல்.

முடிவு ஆறு பேர் கையில் இருந்தது: பிரதமர் சுசுகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய், ராணுவ அமைச்சர் அனாமி, தரைப்படைத் தலைவர் உமெசு, கடற்படைத் தலைவர் டோயோடா. சோவியத் யூனியன் நடுவில் நின்று கௌரவமான நிபந்தனைகள் வாங்கித் தரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்கோவில் இருந்த அவர்களுடைய தூதரே அது நடக்காது என்று எழுதியும் கேட்கவில்லை. 8-ஆம் தேதி அதே சோவியத் போர் அறிவித்து, விடிவதற்குள் ஜப்பான் பிடியில் இருந்த மஞ்சூரியாவில் புகுந்துவிட்டது.

9-ஆம் தேதி காலை ஆறு பேரும் கூடினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே நாகசாகிச் செய்தியும் வந்தது. அப்போதும் மூன்றுக்கு மூன்றுதான்! பேரரசர் பதவி நிலைத்தால் போதும் என்றது டோகோ தரப்பு. அனாமி தரப்போ ஆயுதங்களை நாங்களே களைவோம், போர்க்குற்றங்களை நாங்களே விசாரிப்போம், அந்நியப் படை உள்ளே வரக்கூடாது, வந்தாலும் பெயருக்குத்தான் என்றது. கடைசியில் நள்ளிரவில் சுசுகி எழுந்து, முடிவை நீங்களே சொல்லுங்கள் என்று பேரரசரிடமே விட்டுவிட்டார். வழக்கத்தில் இல்லாத காரியம் அது.

குரூப்1 கனவு:
அப்படியானால் ராணுவம் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமா சார்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சுலபமாக. அனாமி ராஜினாமா செய்து, தரைப்படை வேறு ஆளைத் தர மறுத்திருந்தால் அமைச்சரவையே கவிழ்ந்திருக்கும். கீழே இருந்த அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றச் சொல்லி அவரை நெருக்கினார்கள். அவர் விலகவும் இல்லை, அவர்களோடு சேரவும் இல்லை. 14-ஆம் தேதி சரணடையும் ஆணையில் கையெழுத்துப் போட்டார். அன்றிரவே அந்த அதிகாரிகளில் ஒருவரான மேஜர் ஹதனாகாவின் கூட்டம் அரண்மனைக் காவல்படைத் தளபதி மோரியைக் கொன்றுவிட்டு, பேரரசர் உரையைப் பதிவு செய்த இசைத்தட்டுகளைத் தேடி அரண்மனையைப் புரட்டிப்போட்டது. கிடைக்கவில்லை. விடியற்காலையில் அனாமி தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். குண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மனிதரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சிராங்கூன்வாசி:
டோக்கியோவில் முடிந்தால் போதுமா? வெளியே லட்சக்கணக்கான படையினர் ஆயுதத்தோடு இருந்தார்களே. அவர்களை நம்பவைக்க அரச குடும்பத்து இளவரசர்களையே விமானத்தில் அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் சிங்கப்பூர்ப் பக்கத்துக்கு வந்தவர் இளவரசர் கான்இன். சிங்கப்பூரில் இருந்த ஜெனரல் இட்டாகாகிக்குச் சரணடைய மனமே இல்லை. கடைசியில் செப்டம்பர் 12 அன்று நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னால் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அவருக்கு மேலதிகாரியான தளபதி டெராவுச்சி உடல்நலமில்லாமல் வரவில்லை. கையெழுத்து நடந்த நகராட்சிக் கட்டடம் இன்று நேஷனல் கேலரியின் ஒரு பகுதி. சரி, வாத்தியார் ஐயா, குண்டா சோவியத்தா, ஒன்றைச் சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஹிரோஹிட்டோவே ஒன்றைச் சொல்லவில்லையே! 15-ஆம் தேதி மக்களுக்கான உரையில் எதிரியின் கொடிய புதுக் குண்டைச் சொன்னார், சோவியத்தைப் பற்றி மூச்சில்லை. 17-ஆம் தேதி படையினருக்கான ஆணையில் சோவியத் வந்ததைச் சொன்னார், குண்டைக் காணோம். யாரிடம் எது எடுபடுமோ அதைச் சொல்லியிருக்கிறார். தளபதிகளை அசைத்ததில் சோவியத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் கட்சி. தம்பி, கொள்குறி வினா என்றால் அவர்கள் கேட்ட விடையையே போட்டுவிட்டு வாருங்கள், மார்க்கை விடாதீர்கள். மெயின்ஸில் வந்தால் அனாமியை எழுதுங்கள்.