இருபோக நெல் வயலில் அங்ககக் கரிமத்தை மீட்பது எப்படி?

கேள்வி – களிமண் வயல்காரர்:
திருவாரூர் மாவட்டத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் களிமண் நஞ்சை உள்ளது. இருபது ஆண்டுகளாகக் குறுவை, அதை அறுத்தபின் தாளடி என இரு போகமும் நெல்தான். அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டு கட்டி விற்றுவிடுகிறோம். யூரியாவைக் கூட்டிக்கொண்டே போயும் மகசூல் ஏறவில்லை. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மட்கிய தழை, வேர் போன்றவற்றால் மண்ணில் சேரும் கரிமம்) 0.4 சதவீதம் என்று வந்திருக்கிறது. நெல் போகம் எதையும் விடாமல் நிலத்தைத் தேற்ற வழி உண்டா?

மறுமொழி – பசுந்தழை:
0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்றே வகைப்படுத்துவார்கள். தாளடி அறுவடைக்கும் ஜூன் மாத மேட்டூர் அணைத் திறப்புக்கும் இடையே ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். முற்றவிட்டால் தண்டில் நார் ஏறி, மட்க நாளாகும். கோடைமழையில் நீர் தேங்கினால் சணப்பு என்ற மற்றொரு பசுந்தாள் பயிர் தாங்காது, தக்கைப்பூண்டு தாங்கும்.

மறுமொழி – பழைய மாட்டுவண்டி:
மேலே சொன்னதில் பிழையில்லை. ஆனால் இளந்தழை சில வாரங்களில் மட்கித் தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பயிருக்குக் கொடுத்துவிடுகிறதே தவிர, கரிமத்தில் சிறு பகுதிதான் மண்ணில் நிலைக்கிறது. கரிமம் சேர வைக்கோல் வயலிலேயே கிடக்க வேண்டும். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் (பொட்டாஷில்) பெரும்பகுதி தங்குவதும் மணியில் அல்ல, வைக்கோலில்தான். அதை விற்ற காசில் பொட்டாஷ் மூட்டை வாங்குவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. குறுவை வைக்கோலை உடனே மடக்கினால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு தாளடி நடவு மஞ்சளிக்கும் என்பதால், அதை வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள். தாளடி வைக்கோலை மட்டும் விட்டுவையுங்கள்; தக்கைப்பூண்டோடு சேர்த்து உழும்போது பூண்டின் தழைச்சத்து அந்தக் குறையை ஈடுகட்டும்.

களிமண் வயல்காரர்:
ஐயா, எங்களிடம் ஆழ்துளைக் கிணறு இல்லை. கோடைமழை தவறினால் தக்கைப்பூண்டு முளைக்காது.

மறுமொழி – பழைய மாட்டுவண்டி:
அப்படியானால் உளுந்துக்கு வாருங்கள். தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக, மண் நீர் வடிந்து ஈரம் மட்டும் நிற்கும் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் பயிருக்குள் தெளித்தால், எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளர்ந்துவிடும். அறுவடை இயந்திரத்தின் தடத்தில் முளைகள் நசுங்கும் என்பதால் விதையைச் சற்றுக் கூட்டித் தெளியுங்கள். அதன் பின் வைக்கோல் கட்டும் இயந்திரத்தையும் இறக்கினால் மிஞ்சிய முளையும் போய்விடும். அதனாலாவது தாளடி வைக்கோல் உங்கள் வயலில் தங்கட்டும்.