தந்தத்தில் மும்தாஜ்: உண்மையிலேயே 1630ஆம் வருடத்துப் படமா?

டவுண் கண்ணாடிக்கடை:
திருநெல்வேலி டவுணில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். முருகன், லட்சுமி, கல்யாண போட்டோ, இவைதான் என் பிழைப்பு. போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தப்பா ஒரு படத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் முட்டை வடிவம். பக்கவாட்டில் திரும்பிய பெண், கழுத்தில் மூன்று சுற்று முத்துச்சரம், கையில் ஒற்றை ரோஜா. முதுகில் ஒட்டிய காகிதத்தில் மசியால் ‘மும்தாஜ் மகால், 1630’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சித்தப்பாவின் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல் பார்த்தவர். துரை கப்பலேறும்போது கொடுத்ததாம். இதை விற்றால் மூத்தவள் கல்யாணத்தையே முடித்துவிடலாம் என்று இருக்கிறார்.

நான் ஒரு தப்பும் செய்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றியபோது கன்னத்தில் அழுக்கு மாதிரித் தெரிந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றினேன். பஞ்சு இளஞ்சிவப்பாக வந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது அசல்தானா? கன்னத்தை என்ன செய்வது?

பாளை ஓவிய ஆசிரியர்:
அண்ணாச்சி, முதலில் அந்தப் பஞ்சைக் கீழே வையுங்கள். அது அழுக்கல்ல, வண்ணம். இந்தச் சிற்றோவியங்களுக்கு நிறத்தைக் குழைப்பது பிசினில். நம் கருவேலம் பிசின் சாதிதான். எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் தண்ணீர் பட்டால் இளகும். போன சிவப்பு போனதுதான். நீங்களாகத் தொட்டு நிரப்பிவிடாதீர்கள், அது இரண்டாவது தப்பாகிவிடும்.

வயதை அந்தச் சீட்டிடம் கேட்காதீர்கள். மசியும் காகிதமும் இருந்தால் யாரும் 1630 என்று எழுதலாம். படம் எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். ஷாஜகான் காலத்து ஓவியர்கள் தீட்டியது காகிதத்தில். பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதற்கு வஸ்லி என்று பெயர். தந்தத் தகட்டில் நீர்வண்ணம் தீட்டுவது 1700 வாக்கில் வெனிஸில் ரொசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர் பரப்பிய வழக்கம். அது இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலேயரோடு இங்கே வந்தது. மும்தாஜோ 1631இலேயே புர்ஹான்பூரில் இறந்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் தில்லி ஓவியர்கள் மும்தாஜ், நூர்ஜகான் முகங்களைத் தந்தத்தில் வரைந்து பயணிகளுக்கு விற்றார்கள். துரைசானிகள் அதை நகையில்கூடப் பதித்துக்கொண்டார்கள். உங்களுடையது அந்த வகை என்றுதான் என் சந்தேகம்.

நகைப் பட்டறை ஆசாரியிடம் கண்ணில் இடுக்கும் லென்ஸை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். நீங்கள் துடைத்த கன்னமே சாட்சி சொல்லும். அடியில் நார் நாராகத் தெரிந்தால் காகிதம். தேன் நிறத்தில் மெல்லிய ரேகைகள் ஓடினால் தந்தம்.

பத்தமடைக்காரி:
சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். காகிதமாகவே இருந்தாலும் அது மும்தாஜின் முகம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப்புரத்துப் பெண்களை ஆண் ஓவியர்கள் எதிரே உட்காரவைத்து வரைவது அரிது. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ தன் மனைவி நாதிரா பானுவுக்கு 1641–42இல் பரிசாகக் கொடுத்த படத்தொகுப்பு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் எத்தனையோ அழகிகள், பெரும்பாலும் பெயரில்லாமல். சித்திரக்காரர் மனத்தில் இருந்த அழகுதான் முகமாக வந்தது. (எங்கள் ஊரில் கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரையாவது நெய்து கொடுப்பார்கள்!)

கோர்ட் குமாஸ்தா:
தந்தம் என்று தெரிந்தால் விலை பேச வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. தாத்தா காலத்துப் பொருள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முதலில் வக்கீலைப் பாருங்கள்.

டவுண் கண்ணாடிக்கடை:
ஆசாரி லென்ஸோடு அவரே வந்துவிட்டார், வேடிக்கை பார்க்க. முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, எறும்புக் கால் அளவுகூட இல்லாத புள்ளிகள். துடைத்த இடத்தில் மட்டும் புள்ளி இல்லை. அங்கே தேன் நிறத்தில் ரேகைகள், ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. “தந்தம்தான்” என்று ஆசாரி சொல்லிவிட்டு டீ கேட்டார்.

கண்ணாடியை மாட்டி, பழைய சட்டத்திலேயே வைத்து, வெயில் படாத அலமாரியில் பூட்டியிருக்கிறேன். சித்தப்பா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இன்னும் எடுக்கவில்லை.