சூடானா ஆயில் லைட் மினுக்குது, இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க, வேற வழி இருக்கா?

பழையவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். 26 வருஷ பழைய டீசல் வண்டி, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. கிலோமீட்டர் முள்ளு எப்பவோ நின்னு போச்சு, அதனால எவ்ளோ ஓடிருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. மூணு வாரமா ஒரு தொல்லை. காலைல ஸ்டார்ட் பண்ணா ஆயில் லைட் டக்குனு அணைஞ்சிடுது, முக்கால் மணி நேரம் ஓட்டி நல்லா சூடானதுக்கு அப்புறம் எங்கயாவது நின்னா ஐடிலிங்ல மினுக் மினுக்னு எரியுது, ஆக்சிலேட்டரை லேசா தொட்டா போயிடுது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை பிளாக்குல வெச்சு காதை வெச்சு ரெண்டு நிமிஷம் கேட்டாரு, "பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கி அந்த பேரிங்ல சுத்தற கிராங்க் தண்டை அரைக்கணும், ஆயில் பம்ப்பும் மாத்திடலாம்"னு சொல்லிட்டாரு. எனக்குத் தெரிஞ்சு பெரிய சத்தம் எதுவும் இல்ல. ஆயில் அளவு பாத்துட்டேன், அதுல குறை சொல்ல முடியாது, இந்த வண்டி ஆயிலே குடிக்காது, போன மாசம் சர்வீஸ்ல மேல் கோட்டுக்கு சரியா ஊத்தினது இப்பவும் கோட்டுக்கு மேலயே நிக்குது. இறக்கறதுக்கு முன்னாடி நான் பாக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

ஸ்பானர்17:
ப்ரோ 20W-50 ஊத்துங்க, லைட் எரியாது. என் வண்டி ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது 😄

கிரீஸ்கை:
அவசரப்பட்டு கெட்டி ஆயில் ஊத்திடாதீங்க. ஊத்தினா லைட் அணையும், ஆனா எதனால எரிஞ்சதுன்னு கண்டுபிடிக்கற வழியும் அதோட சேந்து அணைஞ்சிடும்.

அந்த லைட் பிரஷரை அளக்கறதே இல்ல தம்பி. பிளாக்குல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு, பிரஷர் இல்லாதப்போ எர்த் ஆகி லைட் எரியும், பெரும்பாலான வண்டில பிரஷர் 5, 7 பி.எஸ்.ஐ (பிரஷரோட அளவு) வந்தாலே விட்டுடும். அப்போ லைட் அணைஞ்சிருக்குன்னா உள்ள 8-ம் இருக்கலாம் 60-ம் இருக்கலாம், நமக்கு தெரியாது. முதல்ல சாவியை ஆன்ல வெச்சுட்டு, இன்ஜின் ஓட வேண்டாம், சுவிட்ச் ஒயரை கழட்டுங்க. லைட் அணைஞ்சா ஒயரிங் ஓகே. அணையலைன்னா ஒயர் எங்கயோ தோல் உரிஞ்சு பாடியில உரசுது, அதுக்காக கிராங்க் அரைச்சவங்களையும் நான் பாத்திருக்கேன்.

அடுத்து சுவிட்சை கழட்டிட்டு அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க, நேரா ஆயிலே போய் முள்ளை தள்ற டைப், ஒயர்ல ஓடற கேஜ் வேண்டாம். மரை அரைக்கால் இன்ச்சா 10 மி.மீ-யான்னு நல்லா பாத்து அடாப்டர் வாங்குங்க, ரெண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், தப்பானதை முறுக்கி ஏத்தினா பிளாக் மரை போயிடும், அது தனி அழுகை. நாலு ரீடிங் வேணும்: ஆறின இன்ஜின்ல ஐடிலிங், ஆறின இன்ஜின்ல 2500 ஆர்.பி.எம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து), சூடான பிறகு ஐடிலிங், சூடான பிறகு 2500. சூடுன்னா வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் ஓட விடறது இல்ல, தண்ணி முள்ளு நடுவுக்கு வந்தாலும் ஆயில் அதுக்கு அப்புறம்தான் மெதுவா சூடேறும், அரை மணி நேரமாவது ரோட்டுல ஓட்டிட்டு வந்து பாருங்க.

எல்லா நேரத்துலயும் எல்லா ஸ்பீடுலயும் கம்மின்னா பம்ப்பு, இல்ல கூடுதல் பிரஷரை தொறந்து விடற ரிலீஃப் வால்வு தொறந்த மேனிக்கு சிக்கிருக்கு. ஐடிலிங்ல பரவாயில்லாம இருந்து ஸ்பீடு ஏத்த ஏத்த முள்ளு தள்ளாடி விழுந்தா சேம்பர்ல, அதான் அடியில ஆயில் தேங்கற தொட்டியில, ஸ்ட்ரெயினர் வலை அடைச்சிருக்கு, இல்ல உறிஞ்சற பைப்போட ஓ-ரிங் வழியா காத்து இழுக்குது. ஆறினப்போ நல்லா இருந்து சூடானா மட்டும் ஐடிலிங்ல விழுந்தா ஆயில் நீர்த்திருக்கு, இல்ல பேரிங் தேஞ்சிருக்கு. நீங்க சொல்றது இந்த மூணாவது மாதிரி இருக்கு.

ஆனா ஒண்ணு உறுத்துது. மேல் கோட்டுக்கு சரியா ஊத்தினது இப்போ கோட்டுக்கு மேல நிக்குதுன்னு எழுதிருக்கீங்க. 26 வருஷ டீசல் இன்ஜின் கொஞ்சமாவது குடிக்கணும், குடிக்கலைன்னா சந்தோஷம், ஆனா கூடக்கூடாது. ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க.

பழையவண்டி:
அண்ணா, மோந்து பாத்தேன், டீசல் வாசனை மாதிரிதான் இருக்கு, ஆனா டீசல் வண்டில எல்லாமே டீசல் வாசனைதானே அடிக்கும்? விரல்ல தேச்சா தண்ணி மாதிரி ஓடுது. ஒயரை கழட்டினா லைட் அணையுது. கேஜ் இரவல் வாங்கி மாட்டிட்டேன்:
ஆறின ஐடிலிங் 40, ஆறின 2500-ல 55.
சூடான ஐடிலிங் 6, சூடான 2500-ல 27.
6-ங்கறதை பாத்ததும் வயித்த கலக்கிடுச்சு.

லேத்காரர்:
6 கம்மிதான். பழைய ஆளுங்க 1000 ஆர்.பி.எம்முக்கு 10 பி.எஸ்.ஐ-ன்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க, மேனுவல் இருந்தா அதுல போட்டிருக்கறதுதான் சட்டம். ஆனா அந்த 6-க்கு பேரிங்தான் காரணம்னு இப்பவே யாரும் முடிவு பண்ண முடியாது.

வாசனை ஏமாத்தும், அதனால இப்படி பண்ணுங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது ஸ்டிக்லேர்ந்து ஒரே ஒரு சொட்டு ஃபில்டர் பேப்பர் இல்ல டிஷ்யூ மாதிரி உறிஞ்சற காகிதத்துல விட்டு ராத்திரி பூரா படுக்க வெச்சிடுங்க. நல்ல ஆயில்னா நடுவுல கருப்பு வட்டம், சுத்தி கொஞ்சம் மங்கலா முடிஞ்சிடும். டீசல் கலந்திருந்தா கருப்புக்கு வெளில இன்னொரு வளையம், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி கண்ணாடியா அகலமா பரவியிருக்கும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா பளிச்சுன்னு தெரியும்.

நூத்துக்கு அஞ்சு பங்கு டீசல் சேந்தாலே 40 கிரேடு ஆயில் 30 கிரேடு பக்கம் இறங்கிடும். பம்ப் பிரஷரை உண்டாக்கல, ஓட்டத்தை மட்டும்தான் தருது, அந்த ஓட்டத்தை பேரிங் இடைவெளி தடுக்கறதாலதான் பிரஷர் நிக்குது. நீர்த்த ஆயில் தடையில்லாம ஒழுகிடும், கேஜ்ல பாத்தா பேரிங் தேஞ்ச மாதிரியே தெரியும். ரெண்டையும் கேஜ் பிரிச்சு காட்டாது.

டீசல் எங்கேர்ந்து வருதுன்னா, உங்களுது பிளாக் சைடுல போல்ட் பண்ணின ஃபீட் பம்ப் (டேங்க்லேர்ந்து டீசல் இழுக்கறது), கேம்ல ஓடற டயாஃப்ரம் (உள்ள சவ்வு இருக்கற) டைப்பா இருந்தா முதல் சந்தேகம் அதுதான். கிழிஞ்சா டீசல் நேரா சேம்பர்ல இறங்கும். கீழ சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், கிழிஞ்சா வெளில சொட்டி காட்டணும்னுதான் அதை வெச்சது, 26 வருஷ அழுக்குல அது அடைஞ்சிருக்கும். பைப்பை கழட்டாம ரெண்டு போல்ட்டை மட்டும் கழட்டி பம்ப்பை வெளில இழுத்து, கேம் தள்ற அந்த நெம்புகோலை கையால அமுக்கி அமுக்கி பாருங்க. பிளாக்குல உக்காற முகத்து வழியா டீசல் ஈரம் வந்தா முடிஞ்சது விஷயம். அங்க இல்லைன்னா இன்ஜெக்‌ஷன் பம்ப் ஷாஃப்ட் சீல், இல்ல மூத்திரம் மாதிரி ஒழுகற இன்ஜெக்டர்.

அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. பேரிங்குக்கு மட்டும் சொல்லல, சேம்பர் ரொம்பி பிரீதர் (இன்ஜின் உள் ஆவி போற குழாய்) வழியா ஆயில் இன்டேக்குல ஏறிச்சுன்னா டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிச்சு தானா ஸ்பீடு ஏறும், சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காது. ஒரு தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், காத்து வர்ற வாயை பலகையை வெச்சு அடைச்சு நிறுத்தினோம், கை நடுக்கம் அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் போகல.

ஸ்பானர்17:
சரி சரி 20W-50 வாபஸ் 🙏 ஆனா 20W-ன்னா கெட்டி, 15W-ன்னா தண்ணின்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

கிரீஸ்கை:
W-க்கு முன்னாடி இருக்கறது குளிர்ல எப்படி ஓடும்ங்கறதுக்கு. சூடான இன்ஜினுக்கு பின்னாடி இருக்கற நம்பர்தான், அது 100 டிகிரில அளக்கறது. 15W-40-ம் 20W-40-ம் சூடான ஐடிலிங்ல கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பழையவண்டி:
அண்ணா!! காகிதத்துல வளையம் நீங்க சொன்ன மாதிரியே, கருப்பை விட வெளி வளையம் பெருசு. ஃபீட் பம்ப்பை இழுத்து நாலு தடவை அமுக்கினேன், நாலாவதுல டீசல் விரல்ல வழிஞ்சுது. கீழ இருந்த ஓட்டையை கண்டுபிடிக்கவே ஊசியால சுரண்ட வேண்டியதாப் போச்சு. பம்ப் புதுசு மாட்டி, ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்திட்டேன், அதே 15W-40. வடிச்சப்போ ஊத்தினதை விட முக்கால் லிட்டர் கூட வந்துச்சு, அதைப் பாத்துட்டு நானே என் தலையில அடிச்சுக்கிட்டேன், "வண்டி ஆயிலே குடிக்காது"ன்னு எல்லார்கிட்டயும் பீத்திட்டு இருந்தேன்.
இப்போ சூடான ஐடிலிங் 14, 2500-ல 38. லைட் எரியல. இதோட விட்டுடலாமா?

கிரீஸ்கை:
என்னைக் கேட்டா விட்டுடலாம். 14 நல்லாவே இருக்கு. கேஜை அப்படியே டேஷ்போர்டுல நிரந்தரமா மாட்டிக்கோங்க, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்பை விரிச்சு பாருங்க, உள்ள உலோகத் தூள் மினுமினுப்பு இல்லைன்னா நிம்மதியா ஓட்டுங்க.

லேத்காரர்:
எனக்கு இதுல வேற கருத்து. மூணு வாரம் நீர்த்த ஆயில்ல 6 பி.எஸ்.ஐ-ல ஓடிருக்கு, அதுக்கு முன்னாடி எத்தனை நாளா கலந்துச்சோ. சேம்பரை இறக்கறது ஒரு நாள் வேலை, இன்ஜின் அதே எடத்துல இருக்கும். ஆயில் கசிவு கிட்டத்தட்ட இடைவெளியோட கனத்துக்கு போகும், அதாவது இடைவெளி ரெண்டு மடங்கானா ஒழுகறது எட்டு மடங்கு. தேய்மானம் ஒரு அளவு வரைக்கும் கண்ணுல படாம இருக்கும், அதுக்கு அப்புறம் திடீர்னு கேஜ்ல தெரியும். அந்த அளவுக்கு எவ்வளவு பக்கத்துல நிக்கறீங்கன்னு 14-ஐ வெச்சு சொல்ல முடியாது.

இறக்கினா ஒரு விஷயம். பிக் எண்ட் (பிஸ்டன் ராடு கிராங்க்ல மாட்டற முனை) கேப்பை கழட்டி கீழ் ஷெல்லை (பேரிங்கோட கீழ்ப் பாதி) காட்டி "பாருங்க புதுசு மாதிரி இருக்கு"ன்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க. பிக் எண்ட்ல வெடிப்போட அடி விழறது மேல் ஷெல்லுக்கு, ராடுக்குள்ள இருக்கறது. மெயின்ல (கிராங்க் பிளாக்குல உக்காற பேரிங்) தலைகீழ், அடி கீழ் ஷெல்லுக்கு. கேப்புல நம்பர் இருக்கும், எது எந்த ராடு, எந்தப் பக்கம்னு மாத்திடாதீங்க.

கிரீஸ்கை:
ஃபில்டர் சுத்தமா இருந்தா எதுக்குங்க தொறக்கணும், தொறந்தா நாலு வேலை கூடும். ஆனா அவரு லேத்ல நின்னு ஆயிரம் கிராங்க் பாத்தவரு, நான் ரோட்டோரத்துல பாத்தவன். தம்பி, ஃபில்டரை வெட்டிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

பழையவண்டி:
ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். ஃபில்டர் மடிப்புல ரொம்ப பொடியா செம்பு கலர்ல ஏதோ மினுங்கிச்சு, காந்தத்துல ஒட்டல. அதனால சேம்பரை இறக்கிட்டேன்.

2-வது ராடு: கீழ் ஷெல் சாம்பல் கலர்ல ஒரே சீரா, கோடு கூட இல்ல. லேத்காரர் அண்ணன் சொல்லலைன்னா அங்கயே மூடிருப்பேன். மேல் ஷெல்லை தள்ளி எடுத்தா நடுவுல கட்டை விரல் அகலத்துக்கு சாம்பல் தேஞ்சு செம்பு தெரியுது. மத்த மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம். மெயின் கேப் ரெண்டு கழட்டி பாத்தேன், அது நல்லா இருக்கு. நசுங்கற பிளாஸ்டிக் நூல் வெச்சு அளந்தப்போ பிக் எண்ட் இடைவெளி 0.10 மி.மீ பக்கம் வந்துச்சு. ஜர்னல்ல (கிராங்க்ல பேரிங் உக்காற இடம்) நகம் வெச்சு இழுத்தா எங்கயும் மாட்டல, அளவும் ஸ்டாண்டர்டுலயே இருக்கு, அதனால கிராங்க் அரைக்கல, ஸ்டாண்டர்ட் ஷெல் நாலு செட்டு போட்டாச்சு, இப்போ 0.05. ராடு போல்ட்டும் புதுசு.

ஸ்ட்ரெயினர் வலையில சிவப்பு சிவப்பா புழு மாதிரி ஏதோ சுத்திட்டு இருந்துச்சு. என்னடான்னு பிச்சு பாத்தா சிலிக்கான் சீலன்ட். மூணு வருஷம் முன்னாடி சேம்பர் லீக்குன்னு நானே டியூபை பிதுக்கி பிதுக்கி ஒட்டினது, உள் பக்கம் பிதுங்கினது பிஞ்சு விழுந்திருக்கு. வலையில கால்வாசி அடைஞ்சிருந்துச்சு. யாரையும் திட்ட முடியல.

சூடான ஐடிலிங் 22, 2500-ல 48.

ஸ்பானர்17:
லேத் அண்ணே, என் வண்டிக்கு 20W-50-யோட சூடான ஐடிலிங் 9. நேத்துதான் கேஜ் மாட்டினேன். ஸ்டிக்கை இன்னும் மோந்து பாக்கல, பயமா இருக்கு.

லேத்காரர்:
மோந்து பாத்துட்டு எழுதுங்க.